நரைத்தது யார் குற்றம்?

கரிகாற் சோழனைப் பற்றிய கதையொன்றை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையிற் சொல்லி வருகிறோம். வழக்கொன்றைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு முதியவர் இருவர் அவன் அவைக்கு வந்தனர். அரியணையில் இருந்தவனோ இளைஞன். நம் வழக்கின் நுட்பத்தை இவன் எவ்வாறு அறிவான் என்று அவர்கள் ஐயுற்றனர். அதனை உணர்ந்த கரிகாலன், நரைமுடி புனைந்து முதியவர் கோலத்தில் வந்தமர்ந்து, வழக்கைக் கேட்டு முறை வழங்கினான் என்பது கதை. பழமொழி நானூற்றிலும் இதற்குக் குறிப்பு உண்டு. கதை கேட்டு மாணவர் சிரிப்பர். நாமும் உடன் சிரித்திருக்கிறோம்.

இப்பொழுது நம்மால் சிரிக்க முடியவில்லை. அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வயது நாற்பத்தெட்டு. கொழும்பில் தனியார் நிறுவனமொன்றிற் பத்தொன்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது வெளியேற்றப்பட்டவர். மறுநாட் காலை அவருக்கு ஒரு நேர்முகப் பரீட்சை. கிணற்றடியிற் சிறு கண்ணாடியொன்றைத் தென்னையிற் சாத்தி வைத்துவிட்டுத் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். பின்தலைக்குக் கை எட்டவில்லை. அவருடைய பதினாறு வயது மகன் பின்னால் நின்று பூசிவிட்டான். தந்தையும் பேசவில்லை, மகனும் பேசவில்லை.

இளைஞன் நரைமுடி தரித்தாலன்றி மதிப்பில்லை என்றிருந்த சமுதாயம், நரையை மறைத்தாலன்றிச் சோறில்லை என்னும் நிலைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது? இக்கேள்வியை நாம் எழுப்பாது விடின் வேறு யார் எழுப்புவர்?

சாயம் பலிக்கவில்லை. விண்ணப்பத்தில் பிறந்த திகதி இருந்ததல்லவா? நண்பரை நேர்கண்ட இளைய முகாமையாளர் மிகுந்த பணிவோடு எழுந்து நின்று, "ஐயா, இங்க வேலை செய்யிற எல்லாரும் சின்னப் பிள்ளையள். உங்களுக்குச் சரிவராது" என்றாராம். தேநீரும் கொடுத்தாராம். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. வேலை மாத்திரம் இல்லை. வயதுக்கு மரியாதை செய்யும் பண்பாடு நம்முடையது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோமே, அந்த மரியாதையின் உண்மையான பெறுமதி இதுதான்: ஒரு கோப்பைத் தேநீர்.

தனியார் முதலாளியின் போக்கு அவ்வாறெனின், அரசு இதற்கு விலக்கா? வர்த்தமானியைப் புரட்டிப் பார்ப்போருக்கு அந்த வாசகம் பாடமாகிவிட்டிருக்கும். இத்தனை வயதுக்குக் குறையாமலும் இத்தனை வயதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். மேலெல்லை ஓரிடத்தில் 30, ஓரிடத்தில் 35, பிறிதோரிடத்தில் 40 அல்லது 45. உத்தியோகத்துக்கு உத்தியோகம் அது மாறுகின்றது. ஒரே உத்தியோகத்துக்கும் சுற்றுக்குச் சுற்று மாறுகின்றது. ஆர்ப்பாட்டம் வலுத்தால் எல்லை தளர்கின்றது. திறைசேரி வற்றினால் எல்லை இறுகுகின்றது. இயற்கையின் விதி இவ்வாறு மாறுமா? மாறுமெனின் அது இயற்கையின் விதியன்று. மனிதர் வகுத்த வசதி.

நம்மோடு ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்து தமிழ் கற்ற தோழி ஒருவரின் கதையை இங்கு சொல்லியாக வேண்டும். 1988 இல் வன்னியிற் பிறந்தவர். 2008 இல் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது போர் அவருடைய ஊரை வந்தடைந்தது. ஊர் ஊராக இடம்பெயர்ந்து 2009 மே மாதத்தில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரம் ஒன்றை அடைந்தார். 2010 இற் பரீட்சை எழுதினார். 2012 இற் பல்கலைக்கழகம் புகுந்தார். 2017 இற் பட்டம் பெற்றார். சங்க இலக்கியத்தில் அவரை மிஞ்ச நம் வகுப்பில் எவரும் இல்லை. அவருடைய குறிப்புகளைப் பிரதி செய்தே நாம் பரீட்சைகளைக் கடந்தோம் என்பதை மறைப்பானேன்?

அவ்வாண்டிலேயே வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் தெருவோரத்திற் கொட்டகை அமைத்து மாதக்கணக்கில் அமர்ந்திருந்தனர். அவரும் அமர்ந்தார். போராட்டம் ஓய்ந்தது, வயிறு ஓயவில்லை. கடையொன்றிற் காசாளராகச் சேர்ந்தார். 2020 இல் அரசாங்கம் ஐம்பதினாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்ப்பதாக அறிவித்தது. ஊழியர் சேமலாப நிதியிற் பெயர் பதிந்திருந்தோர் ஏற்கெனவே தொழில் உடையோர் எனக் கூறி முதலில் ஒதுக்கப்பட்டனர். எதிர்ப்பு எழுந்தபின் மேன்முறையீட்டுக்கு இடமளிக்கப்பட்டது. நம் தோழியின் மேன்முறையீடு கரை சேரவில்லை. பட்டினி கிடவாது உழைத்தமை அவர் செய்த குற்றமாயிற்று.

அதன் பின்னர் ஆசிரியர் பதவிக்கான ஓர் அறிவித்தல் வந்தது. மேலெல்லை 35. முடிவுத் திகதியன்று அவருக்கு 35 வயதும் மூன்று மாதமும். நமக்கு 34 வயதும் ஐந்து மாதமும். அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த எழுதுவினைஞர், "வயது கடந்துவிட்டதே, அக்கா" என்று அனுதாபத்தோடு திருப்பிக் கொடுத்தார். நாம் இன்று வகுப்பறையில் நிற்கிறோம். அவர் மருந்துக்கடை ஒன்றில் நாட்கூலிக்குக் கணக்குப் பார்க்கிறார்.

இதில் இன்னுமொரு செய்தி உண்டு. நாம் உயர்தரத்தில் மூன்றாம் முயற்சியிலேதான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோம். நமது தாமதத்துக்கு நமது சோம்பலே காரணம். அவருடைய தாமதத்துக்குக் காரணம் போர். சோம்பலாற் பிந்தியவன் உள்ளே. எறிகணையாற் பிந்தியவள் வெளியே. இந்தப் பத்து மாத வேறுபாட்டைத் தகுதி என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

வாசகர்கள் இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். நமது நாட்டில் ஒருவருடைய வயது அவருடைய தனிச்சொத்தன்று. அதிற் பெரும்பங்கை அரசும் போரும் நிருவாகத் தாமதமும் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டன. 1980களின் இறுதியிலே தென்னிலங்கைக் கிளர்ச்சியின்போது பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக் கிடந்தன. அக்காலத்துச் சிங்கள மாணவரின் இளமை அங்கே கழிந்தது. 1983 முதல் 2009 வரை வடக்கு கிழக்குப் பிள்ளைகளின் இளமை பதுங்கு குழிகளிலும் முகாம்களிலும் கழிந்தது. போர் ஓய்ந்தபின் தாமதம் ஓய்ந்ததா? ஒரு காலத்தில் ஆகஸ்ட் மாதத்தில் வழமையாக நடைபெற்ற உயர்தரப் பரீட்சையை எண்ணிப் பாருங்கள். 2021 ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022 ஆம் ஆண்டுக்குரியது 2023 இல் நடந்தது. 2023 ஆம் ஆண்டுக்குரியது 2024 ஜனவரியில் நடந்தது. எழுதி முடித்தவர் பல்கலைக்கழக வாயிலை மிதிக்கப் பின்னும் காத்திருக்க வேண்டும். நான்காண்டுப் பட்டம் நான்காண்டில் முடிந்தால் அது அதிசயம். பட்டம் பெற்றபின் ஆட்சேர்ப்பு அறிவித்தல் எப்போது வருமென்பது எவருக்கும் தெரியாது.

ஆக, மாணவனை வரிசையில் நிறுத்தி வைத்தது அரசு. வரிசை நகர மறுத்ததும் அரசாலே. ஈற்றில், "நீ வரிசையில் நிற்கையில் உனக்கு வயது போய்விட்டது" என்று கதவைச் சாத்துவதும் அதே அரசு. கடன்பட்டவன், கடன் கொடுத்தவனையே நீதிமன்றில் நிறுத்தித் தண்டிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வயதெல்லை என்னும் இந்த ஆயுதம் எங்கே வார்க்கப்பட்டது என்பதையும் அறிந்துகொள்ளல் நன்று. பிரித்தானியர் தம் குடியேற்ற நாடுகளை ஆளச் சிவில் சேவை அமைத்தபோது, இளம் வயதிலேயே ஆளைப் பிடித்துத் தமக்கேற்ப வனைந்துகொள்ளும் நோக்கில் வயதெல்லையையும் விதித்தனர். வங்கத்தைச் சேர்ந்த சுரேந்திரநாத் பானர்ஜி 1869 இல் இந்திய சிவில் சேவைப் பரீட்சையிற் சித்தியெய்தியும் வயதுக் கணக்கிலே பிசகு உண்டென்று தடுக்கப்பட்டார். பிறந்த நாளிலிருந்தா, கருவுற்ற நாளிலிருந்தா வயதைக் கணிப்பது என்று வழக்காட வேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. 1870களின் பிற்பகுதியில் அப்பரீட்சைக்கான உச்ச வயது 21 இலிருந்து 19 ஆகக் குறைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதவேண்டிய பரீட்சைக்கு, கடல் கடந்து இலண்டனுக்குச் சென்று, 19 வயதுக்குள் தோற்றவல்ல இந்திய இளைஞர் எத்தனை பேர்? வெள்ளையர் என்றோ கறுப்பர் என்றோ சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஓர் எண் மாத்திரமே இருந்தது. அவ்வெண் தன் வேலையைச் செவ்வனே செய்தது. அதனை எதிர்த்தே பானர்ஜி இந்தியா முழுவதும் சுற்றிக் கூட்டம் நடத்தினார். அவ்வியக்கம் இந்திய தேசிய எழுச்சியின் முதற் படிகளுள் ஒன்றாயிற்று.

வெள்ளையர் போயினர். எண் போகவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற மேசை நாற்காலிகளோடு அதுவும் நமது கந்தோர்களில் எஞ்சிவிட்டது. எண்ணுக்கு முகம் இல்லை. ஆதலால் அது யாரை விலக்குகின்றது என்பது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கொழும்பிற் பெரிய பாடசாலையிற் கற்று, தடையின்றிப் பட்டம் பெற்று, இருபத்து நான்கு வயதில் விண்ணப்பிப்பவனை அது ஒருபோதும் தொடுவதில்லை. லயன் அறையிலிருந்து வந்தவளையும், முகாமிலிருந்து வந்தவளையும், தம்பி தங்கையைப் படிப்பிப்பதற்காகத் தன் படிப்பை ஐந்தாண்டு நிறுத்தியவளையும், பிள்ளை பெற்று வளர்த்துவிட்டுத் திரும்பி வந்தவளையும் அது தவறாது பிடித்துக்கொள்கின்றது.

மாற்றுக் கருத்தினர் கூறுவனவற்றையும் நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

வயது முதிர்ந்தோர்க்கு வேலைத்திறன் குறையும் என்பது முதலாவது வாதம். குறையுமாயின் திறனை அளந்து பாருங்கள். பாரம் தூக்குவது வேலையாயின் தூக்கச் சொல்லுங்கள்; கணினியில் தட்டெழுதுவது வேலையாயின் எழுதச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் எந்தத் திறனையும் அளக்கும் கருவியன்று. இதனை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. திறந்த போட்டிப் பரீட்சை மூலம் ஓர் உயர்சேவையிற் சேர வெளியார்க்கு விதிக்கப்படும் வயதெல்லை, ஏற்கெனவே சேவையில் இருப்போர்க்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சையில் தளர்ந்துவிடுகின்றது. நாற்காலி ஒன்று, கடமை ஒன்று. உள்ளே இருப்பவருக்கு நாற்பதிலும் மூளை வேலை செய்யும், வெளியே இருப்பவருக்கு முப்பதிலேயே நின்றுவிடும் என்பது எந்த மருத்துவ நூலின் முடிபு?

இன்னும் தெளிவான சான்று 2022 ஆம் ஆண்டு. அவ்வாண்டின் தொடக்கத்தில் அரச ஊழியரின் ஓய்வுபெறும் வயது 65 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அது 60 ஆகக் குறைக்கப்பட்டது. அறுபதைக் கடந்தோர் டிசெம்பர் 31 ஆந் திகதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஜனவரியில் அறுபத்து மூன்று வயதில் திறமையோடிருந்த ஒருவர் டிசெம்பரில் எவ்வாறு திறமையற்றவரானார்? அவர் உடலில் எதுவும் மாறவில்லை. திறைசேரியின் நிலை மாறியது. வயது பற்றிய விதிகள் யாவும் பணப்பெட்டியின் விதிகளே என்பதற்கு இதனினும் வேறு நிரூபணம் வேண்டுமோ?

இளைஞருக்கு இடம் விட வேண்டாமா என்பது இரண்டாவது வாதம். கேட்பதற்கு இனிய வாதம் இது. முற்போக்காளர் சிலரும் இதிலே மயங்குகின்றனர். நாற்பத்தெட்டு வயது நண்பருக்கு மறுக்கப்பட்ட வேலையால் எந்த இளைஞன் வாழ்ந்தான்? அவருக்குப் பின்னால் நின்று சாயம் பூசிய மகனின் படிப்பு அல்லவா அதனால் ஆட்டங் கண்டது? தந்தையின் கூலியே மகனின் கல்வி. தாயின் கூலியே மகளின் பட்டம். இருக்கின்ற பத்து நாற்காலிக்கு நூறு பேரை மோதவிட்டு, மோதுகின்றவர்களுக்குள்ளே வயதுவாரியாகப் பகை மூட்டுவது நாற்காலிகளை எண்ணிக்கையிற் குறைத்து வைத்திருப்போரின் தந்திரம். இனத்தைக் காட்டிப் பிரித்தார்கள். மதத்தைக் காட்டிப் பிரித்தார்கள். இப்போது தந்தையையும் மகனையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பிரிக்கிறார்கள்.

பிந்திச் சேர்பவரால் நிறுவனத்துக்கு என்ன பயன் என்பது மூன்றாவது வாதம். நாற்பத்தைந்து வயதிற் சேர்கின்ற ஒருவர் அறுபது வரை பதினைந்து ஆண்டுகள் உழைக்கவல்லவர். பதினைந்து ஆண்டு உழைப்பு அற்பமா? இருபத்தைந்தாம் வயதிற் சேர்ந்து, மூன்றாம் ஆண்டிலே கடவுச்சீட்டோடு வெளிநாடு செல்பவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களைக் குறை கூறவில்லை. அவர்களைத் துரத்துவதும் இந்நாட்டின் நிலைமையே. ஆனால் நிலைத்து நின்று உழைப்பவர் யாரென்று கணக்குப் பார்த்தால், முதலாளியின் கூற்றைக் கணக்கே பொய்யாக்கும்.

உண்மையான காரணம் வேறு. அதனைத் தொழிற்சாலை வாயிலிற் காணலாம். 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட காலந்தொட்டு ஆடைத் தொழிற்சாலைகள் விரும்பி அழைப்பது இளம் பெண்களையே. 18 முதல் 35 வரை என்னும் வாசகம் மின்கம்பங்களிற் கூட ஒட்டப்பட்டிருக்கக் காண்கிறோம். கூர்மையான கண்ணும் வேகமான விரலும் தேவை என்பர். தேவைதான். ஆனால் அந்தக் கண்ணையும் விரலையும் தேய்த்தது எது? பத்தாண்டு காலம் இயந்திரத்தின் முன் அமர்ந்து, நாளாந்த இலக்கை எட்டியே தேய்ந்த விரலை, அதே தொழில் தேய்ந்துவிட்டது என்று வீசுகின்றது. மேலும், இளம் பெண்ணுக்குக் குறைந்த கூலி போதும் என்று கருதலாம், சட்டம் தெரியாது, தொழிற்சங்கம் தெரியாது, இரவு மேலதிக வேலைக்கு மறுப்புச் சொல்லத் தெரியாது. நாற்பது வயதுக்காரிக்கு இவையாவும் தெரியும். முதலாளி அஞ்சுவது அவளுடைய நரைக்கு அன்று, அவளுடைய அனுபவத்துக்கு.

இனிச் சட்டத்தை நோக்குவோம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமமென்கிறது. அதன் இரண்டாம் பிரிவு, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் ஓரங்காட்டலாகாது என்று நிரற்படுத்துகிறது. அந்நிரலில் வயது இல்லை. சர்வதேச தொழில் தாபனத்தின் 1958 ஆம் ஆண்டு 111 ஆம் இலக்கச் சமவாயம் எடுத்தோதும் காரணங்களிலும் வயது இல்லை. ஆயின் உலகம் அங்கே நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் 1967 ஆம் ஆண்டிலேயே நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய தொழிலாளரைக் காக்கச் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஆம் ஆண்டுப் பணிப்புரையில் வயதையும் சேர்த்தது. பிரித்தானியா தன் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் வயதைப் பாதுகாக்கப்பட்ட பண்புகளுள் ஒன்றாக்கியது. வயதெல்லையை நமக்குப் பழக்கிவிட்டவர்கள் தம் வீட்டில் அதற்குக் கடிவாளம் இட்டுவிட்டனர். முதலாளித்துவ நாடுகளிலே இச்சட்டங்களால் அநீதி ஒழிந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. அங்கே வஞ்சிக்கப்பட்டவருக்கு வழக்காட ஒரு வாசலாவது உண்டு என்கிறோம்.

இங்கே 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறைத் தொழிலாளரின் குறைந்தபட்ச ஓய்வு வயதைப் படிப்படியாக 60 ஆக்க வழிசெய்தது. வரவேற்கத்தக்க சட்டம். ஆனால் இதன் முரண்பாட்டைப் பாருங்கள்: உள்ளே இருப்பவரை அறுபது வரை வயதைக் காட்டி வெளியேற்றாதே என்கிறது சட்டம், வெளியே நிற்பவரை முப்பத்தாறில் வயதைக் காட்டி மறிக்காதே என்று வெளிப்படையாகக் கூறும் சட்டம் இல்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். அரச வேலைக்கதவு பலருக்கு முப்பத்தைந்திற் சாத்தப்படுகின்றது. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேமலாப நிதியைப் பெண் ஐம்பதிலும் ஆண் ஐம்பத்தைந்திலும் மீளப் பெறலாம். நிரந்தர வேலையே கிட்டாதவருக்கு அந்நிதியில் என்ன இருக்கும்? 2000 ஆம் ஆண்டு முதியோர் சட்டம் அறுபது வயதினரையே முதியோர் என்கிறது. வறிய முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவோ எழுபதில் தொடங்குகின்றது. முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகள்! வேலைக்கு முதியவர், உதவிக்கு இளையவர். மனித ஆயுளின் சரிபாதிக்கு அரசிடம் பெயரே இல்லை.

இந்த எல்லைகள் ஆள்வோரைத் தொடுவதுண்டா? அரசியலமைப்பை ஆக்கிய ஜே. ஆர். ஜயவர்த்தன 1978 இல் தமது 71 ஆம் வயதில் நிறைவேற்று ஜனாதிபதியானார். 76 ஆம் வயதில் மீண்டும் போட்டியிட்டு வென்றார். 82 ஆம் வயதிலே பதவி விட்டகன்றார். 2022 இல் ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்கவுக்கு அப்போது வயது 73. மூத்தோர் நாட்டை ஆளலாகாது என்பது நமது வாதமன்று. எழுபத்து மூன்று வயதில் ஒரு நாட்டை நிருவகிக்க ஒருவரால் முடியுமாயின், முப்பத்தாறு வயதில் ஒரு வகுப்பறையை நிருவகிக்க நம் தோழியால் ஏன் முடியாது என்றே கேட்கிறோம்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேற்பட்டோர் அறுபதைக் கடந்திருந்தனர். அத்தொகை பின்னர் உயர்ந்தே வந்துள்ளது. நாளைய இலங்கை நரைத்த இலங்கை. உழைக்க வல்ல கைகளைக் கட்டிவைத்துவிட்டு, உழைப்போர் தொகை குறைகின்றதே என்று அழுவது என்ன பொருளாதாரம்? 1945 தொடக்கம் இலவசக் கல்வி நடைபெறும் நாடு இது. நம் தோழியின் பட்டத்துக்குச் செலவிட்டது தேயிலைக் கொழுந்து பறித்தவளின் வியர்வை. அப்பட்டத்தை மருந்துக்கடையிற் சில்லறை எண்ண விடுவது, அவ்வியர்வையை ஆற்றிற் கொட்டுவதாகும்.

குற்றச்சாட்டை அரசோடும் முதலாளியோடும் நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையுடையோர் ஆகோம். தொழிற்சங்கங்கள் இதுபற்றி வாய் திறப்பது அரிது. ஏனெனில் அவற்றின் அங்கத்தவர் உள்ளே இருப்போர். வெளியே நிற்பவருக்குச் சங்கம் இல்லை. எழுத்தாளராகிய நாமும் குறைந்தவர்களல்லேம். வேலையற்ற இளைஞனை நமது சிறுகதைகளில் எத்தனை முறை படைத்தோம்! அவனுக்குக் காதல் கொடுத்தோம், கோபம் கொடுத்தோம், கொடியும் கொடுத்தோம். அவனுக்கு நாற்பத்தைந்து வயதானபோது அவனைக் கைவிட்டோம். நியமனம் பெற்ற ஆசிரியராகிய நாமோ, முடிவுத் திகதிக்கு ஏழு மாதம் முந்திப் புகுந்துவிட்ட ஆறுதலில், பின்னால் அடைபட்ட கதவைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவை. அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையில் வயதும் சேர்க்கப்படல் வேண்டும். ஆட்சேர்ப்பு அறிவித்தல்களிலிருந்து மேலெல்லை நீக்கப்படல் வேண்டும். ஒரு தொழிலுக்கு எல்லை இன்றியமையாதது என்பார் அதனை நிரூபிக்கும் கடமையும் உடையவராதல் வேண்டும். அது நிறைவேறும் வரை, போராலும் இடப்பெயர்வாலும் பரீட்சைத் தாமதத்தாலும் இழந்த ஆண்டுகள் விண்ணப்பதாரியின் வயதிலிருந்து கழிக்கப்படல் வேண்டும். தனியார் நிறுவனங்கள் ஆளைத் தெரிவு செய்து முடிக்கும்வரை பிறந்த திகதியைக் கேட்பது தடைசெய்யப்படல் வேண்டும். தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் இதற்கும் இடமளித்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் சலுகையன்று. எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருமாறு கேட்பது பிச்சையாகாது.

கரிகாலனிற் தொடங்கினோம், பிசிராந்தையாரில் முடிப்போம். ஆண்டு பல கடந்தும் உமக்கு நரை இல்லையே, காரணம் என்னவென்று வினவியோர்க்கு அப்புலவர் விடையிறுத்த புறப்பாட்டை நாம் மனப்பாடம் செய்விக்கிறோம். மாண்புடைய மனைவி மக்களையும், தம் குறிப்பறிந்து நடக்கும் ஏவலரையும், ஊரில் வாழும் சான்றோரையும் காரணமாகக் கூறும் அவர், அல்லன செய்யாது காக்கும் அரசனையும் ஒரு காரணமாகக் கூறுகிறார். ஆட்சி செம்மையாயின் மனிதன் நரைப்பதில்லை என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், ஆட்சி செம்மையற்ற நாட்டில் மனிதன் காலத்துக்கு முன்னரே நரைப்பதும் இயல்பல்லவா?

கிணற்றடியில் நம் நண்பரின் தலையில் மகன் பூசி மறைத்தது தந்தையின் முதுமையை அன்று. இந்நாட்டை ஆண்டோர்மீது காலம் எழுதிவைத்த குற்றப்பத்திரத்தையே அவன் மறைத்தான். அந்தச் சாயம் கழுவப்படல் வேண்டும். நரைத்த தலையோடு, நிமிர்ந்த தலையோடு, விண்ணப்பத்தைக் கையிலேந்தி அவர்கள் வாயிலில் நிற்கட்டும். அவர்களுக்குப் பக்கத்தில் நாமும் நிற்போம்.